அடையாள வார்த்தை

மருத்துவமனையில் ஆலோசகர் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும், வீடு வந்து சேர்வதற்குள் தணிகாசலத்துக்கு மறந்துவிடும். காலைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள், மூச்சை மெல்ல விடுங்கள், சண்டை முடிந்துவிட்டது என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். எதுவும் அந்தக் கிழவரிடம் நிற்காது. பட்டாளத்தில் பழகியது மட்டும் அப்படியே இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் போதும், துடைப்பத்தைத் துப்பாக்கியாக நீட்டி வாசலை மறித்துக்கொண்டு அடையாள வார்த்தை கேட்பார். அவர் மனைவி ரஞ்சிதம் அதையே பிடித்துக்கொண்டாள்.

"சண்டை முடிஞ்சிபோச்சி" என்றாள் ஒருநாள், அதுதான் வார்த்தை என்பதுபோல. அவர் துடைப்பத்தைத் தாழ்த்தி வழிவிட்டார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் தெருமுனையில் கல்யாண ஊர்வலத்தின் சரவெடி. பால் பாக்கெட்டோடு ஓடிவந்தவள் வாசலில் நின்று அதையே சொன்னாள்.

"அது நேத்து வார்த்தை. தினம் மாத்துவாங்க, தெரியாதா? இன்னிக்கி என்ன?"

"இது நம்ம வீடுங்க."

துடைப்பம் அசையவில்லை.

"நான் ரஞ்சிதங்க."

அதுவும் இல்லை. "எனக்குத் தெரியலீங்க. நீங்களே சொல்லிடுங்களேன்."

அவர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியாதும்மா. வார்த்தை வாங்கியார கேம்புக்குப் போன பையன் இன்னும் திரும்பி வரல."

அவளும் திரும்பித் தெருவைப் பார்த்தாள்.