நீல டிரம்

மியாமியின் மாலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து நீல டிரம்மின் மேல் விழுகிறது. வருஷா வருஷம் மிர்லாந்த் அரிசியும் எண்ணெயும் சோப்பும் திணித்து ஹைத்தியிலிருக்கும் அக்காவுக்கு அனுப்புகிற டிரம். அமெரிக்காவில் தங்க மிர்லாந்துக்கு அரசு தந்த தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் நாளையோடு முடிகின்றன. வீட்டுக்காரி யோலெட், அவளும் ஹைத்திக்காரிதான், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து அளவு டேப்பை இழுத்துச் சுவரை அளக்கிறாள்.

"புதுசா வர்றவங்ககிட்ட பெரிய கட்டில் இருக்காம்."

"நான் இன்னும் செத்துப் போகலை. டேப்பைச் சுருட்டு."

"என்மேல ஏன் பாயுற? சட்டத்தை நானா போட்டேன்?"

மிர்லாந்த் தன் ஆஸ்பத்திரிச் சீருடையை டிரம்முக்குள் அரிசிப் பைகளின் மேல் வைத்து முழங்கையால் அமுக்குகிறாள். யோலெட் எட்டிப் பார்க்கிறாள்.

"உன் யூனிஃபார்ம் அக்காவுக்கு எதுக்குடி?"

மூடி படாரென்று விழுகிறது. அதன்மேல், பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில், மிர்லாந்த் கறுப்பு மையால் தன் பெயரையே எழுதுகிறாள்.