நாலு மணி உலா

நாலு மணி அடித்தால் போதும், லரீபா மாமிக்கு வீட்டில் கால் தரிக்காது. காலையெல்லாம் "யா அல்லாஹ், என்ட முழங்கால்!" என்று முனகினவள், நல்ல சாரியாகச் சுற்றிக்கொண்டு, குடையும் கையுமாகப் பதுளைத் தெருவில் இறங்கிவிடுவாள்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து காலை நீட்டுவாள். "மகள், கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு விடுங்க."

புது மருமகள் மர்லியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னே? பதினெட்டு நாளில் பரீட்சை. தபாலில் படிக்கிற கம்ப்யூட்டர் டிப்ளோமா. அந்தப் பெட்டியை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், அது வேறு கதை. டேட்டாபேஸ் பாடத்தைப் போன தடவையே கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் டிப்ளோமாவே கிடையாது. அலுமாரிக் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தாள்: நாலிலிருந்து ஆறு படிப்பு, பிறகு மஃரிப் தொழுகை, ஆறரையிலிருந்து மறுபடி படிப்பு. இந்த எண்ணெய்க்கு அதில் எங்கே இடம்?

"ஊர் சுத்துறது உங்கட உம்மா, கால் பிடிக்கிறது நானா?" என்று கணவன் ஷுக்ரியிடம் பொரிந்தாள்.

"மகனுக்குக் கல்யாணம் முடிச்ச சந்தோஷம், விடு" என்றான் அவன். கடைக்காரன், யாரையும் பகைக்க மாட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமிக்குக் காய்ச்சல். போர்த்திக்கொண்டு அறையில் படுத்துவிட்டாள். 'இன்றைக்கு உலா இல்லை!' என்று மர்லியா புத்தகத்தைத் திறந்தாள்.

நாலேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம். மேல்தெரு பலீலா.

"லரீபா ராத்தாவைக் காணல்லியே, அதான் வந்தேன். இண்டைக்கு எங்கட முறையாச்சே!"

"என்ன முறை?"

"தெரியாதா மகள்? புதுப் பொண்ணு பார்க்க நாங்க பன்னிரண்டு வீட்டாரும் வர இருந்தோம். வந்தா சும்மா போவோமா? தேத்தண்ணி, பலகாரம், மஃரிப் வரைக்கும் கதை. ராத்தா வீடு வீடா வந்து சொல்லிட்டா, 'புள்ளைக்குப் பரீட்சை முடியுமட்டும் ஒருத்தரும் வரப்படாது. கதைக்கத்தானே வேணும்? ஒரு நாளைக்கு ஒரு வீடா நானே வாறேன்' எண்டு. பாவம், அந்த முழங்காலோட எங்கட வீட்டு இருபது படியும் ஏறி..."

மர்லியாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று எழுந்தாள்.

அறைக்குள்ளிருந்து மாமி சீறினாள்.

"பலீலா! அங்க என்ன கதை? உள்ளுக்கு வா! மர்லியா, நீ இரி. ஆறு மணிக்கு முந்தி நீ எழும்பினா, காய்ச்சலோட நான் எழும்பி வருவேன்!"