ஏழு மீன்கள்

சாயப்பட்டறை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. பட்டறைக் கழிவைச் சுத்தம்செய்து எடுத்த தண்ணீரில் ஏழு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரைத் தன் வாய்க்காலில் விடச் சம்மதித்துக் கைநாட்டு வைப்பதற்காகப் பொங்கியண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். வாய்க்காலை ஒட்டியே அவருடைய கிணறு. ஊரில் இன்னும் வாயில் வைக்க முடிகிற தண்ணீர் அது ஒன்றுதான்.

"மீனே உசுரோட இருக்குதுங்க பெரியவரே. வேறென்ன சாட்சி வேணும்?" என்றார் மேனேஜர்.

"இருக்குது. எத்தன நாளா இருக்குதுன்னு மீனா சொல்லும்?"

சிரித்துவிட்டு மேனேஜர் போனோடு உள்ளே போனார். பெரியவர் தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு மீனைப் பிடித்து, மடியிலிருந்த பாக்குவெட்டியால் வால் நுனியைத் துளி நறுக்கித் திரும்ப விட்டார்.

"பத்து நாள் கழிச்சு வாரேன்," என்றார், மேனேஜர் திரும்பி வந்ததும்.

அந்தப் பத்து நாளும் அவருக்கு வேறு நினைப்பில்லை. மீன் செத்திருந்தால் அவர் சந்தேகப்பட்டது சரி. பிழைத்திருந்தால், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு முதலாளியை நம்பியாக வேண்டும். எது நடந்தால் தேவலை என்று அவருக்கே தெரியவில்லை.

பதினோராம் நாள் மேனேஜர் மைப்பெட்டியோடு காத்திருந்தார். பெரியவர் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தார். வால் நுனி போன மீன் உயிரோடு வந்தது. அதன் பின்னால் வந்ததற்கும் நுனி இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழுக்கும் இல்லை.

மேனேஜர் மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார்.

"ஏந்தம்பி," என்றார் பெரியவர், நிமிராமலே. "இங்க பாக்கு போடறது ஆரு?"