நடு ஹாலில் ஒரு பாய்

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. சத்தம் போட்டுச் சொன்னா கனகராஜ் காதுல விழுந்திடும். மலேசியாவுல, ஈப்போவுல அவர் வீட்டுல நடந்த கதைதான்.

"விமலா! இங்க வந்து பாரு. வேலைக்கு வந்த ஆளு தூங்குறான். அதுவும் எங்க? சாமி ரூம்ல!"

கனகராஜ் பல்லைக் கடித்தார். பெண்டாட்டி விமலா எட்டிப் பார்த்தாள்.

சீலிங் வேலைக்கு வந்த ஐயாவு, சாமி ரூம் நடுவில் பாய் விரித்து, மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடியிருந்தார்.

"நேத்து நம்ம பொண்ணு தர்ஷனா ரூம்லயும் இப்படித்தான். சீலிங் முடிச்சான், சாப்பிட்டான், பாயைப் போட்டான். யோவ் ஐயாவு! சாமி ரூம்ல எவனாச்சும் படுப்பானா?"

ஐயாவு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சாமி ஒண்ணும் சொல்லலையே அண்ணே."

அது கனகராஜின் அப்பா வாங்கிப் போட்ட வீடு. மேலே மரச் சட்டம், அதில் அப்பின சுண்ணாம்பு. மழைக்கு மழை ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. போன மாதம் ரசத்தில் ஒரு துண்டு விழுந்து, கனகராஜ் அதை அப்பளம் என்று கடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் ஐயாவுவைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் தர்ஷனாவுக்கு நிச்சயம். காம்பாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

மிச்சம் இருந்தது ஹால்தான்.

ஐயாவு ஏணியில் ஏறி, கம்பால் தட்டித் தட்டிக் கேட்டார்.

"கேக்குதா அண்ணே? பொத்து பொத்துன்னு. பிடிப்பு விட்டுப் போச்சு. இதையும் இறக்கிட்டுப் புதுசாத்தான் போடணும்."

"எங்கப்பா காலத்துச் சீலிங் லா! ஜப்பான்காரன் குண்டு போட்டப்பவே விழல."

"அப்ப அதுக்கு வயசு கம்மி அண்ணே."

"ஒன் வாயை விட ஒன் கை வேகமா ஓடினா நல்லாருக்கும். இடிச்சா வீடு பூரா தூசி. சோபா வேற புதுசு. வெடிப்பை மட்டும் அடைச்சு, வெள்ளை அடிச்சு விடு, போதும். ஒன் தூக்கத்தையும் இன்னியோட நிப்பாட்டு."

ஐயாவு கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி அண்ணே" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹால் சீலிங் பளிச்சென்று இருந்தது. ஒரு கீறல் தெரியவில்லை.

ஐயாவு சாப்பிட்டுக் கை கழுவினார். பாயை எடுத்தார். ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வெயில் கொதிக்கிற கார் போர்ச்சுக்குப் போய், நாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் படுத்தார்.

"பாத்தியா? ஒரே ஒரு அதட்டுத்தான். ஆளு வெளிய போயிட்டான்." கனகராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

விமலா சிரிக்கவில்லை. ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணியோடு போர்ச்சுக்குப் போனாள்.

"ஏன் தம்பி, தர்ஷனா ரூம் முடிச்சீங்க, அங்க படுத்தீங்க. சாமி ரூம் முடிச்சீங்க, அங்க படுத்தீங்க. ஹாலை முடிச்சிட்டு எதுக்கு நாய்கிட்ட வந்து படுக்குறீங்க? அவரு திட்டினதுக்கா?"

ஐயாவு எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"அதைத் தூக்கம்னா நெனச்சீங்க? நான் போட்ட சீலிங்குக்குக் கீழ மொதல்ல என் தலை ஒரு மணி நேரம் கெடக்கணும்க்கா. அப்புறம்தான் மத்தவங்க தலை. ஹால்ல படுக்க..." குரலை இறக்கினார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா."

விமலா அவர் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நடு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை தர்ஷனா உட்காரப்போகிற இடத்தில் விரித்தாள். தலகாணியும் போட்டாள்.

"வாங்க, செத்த நேரம் படுங்க."

"நானா? எதுக்கு?"

"சும்மாதான். ஜப்பான்காரன் குண்டுக்கே விழாத சீலிங் ஆச்சே."

கனகராஜ் பாயைப் பார்த்தார். சீலிங்கைப் பார்த்தார். ஒரு காலைப் பாயில் வைத்தார். மேலே எங்கேயோ பல்லி கத்தியது. காலை எடுத்துவிட்டார்.

"கீழ படுத்தா இடுப்பு வலிக்கும்."

"சரி, நீங்க படுக்க வேணாம். நம்ம தர்ஷனா உக்காரட்டும்."

கனகராஜ் பாயை ஓரமாக இழுத்துச் சுருட்டினார். வாசல் பக்கம் திரும்பி, மெல்லக் கூப்பிட்டார்.

"ஐயாவு... சோபாவை வெளிய தூக்கணும். ஒரு கை கொடு லா."

எல்லாரையும் வெளியே நிற்க வைத்து, ஐயாவு வாசலோரம் நின்றபடி நீளக் கம்பால் ஒரே ஒரு இடி இடித்தார்.

கட்டில் அகலத்துக்கு ஒரு பாளம், அப்படியே வந்து விழுந்தது. பாய் விரித்த இடத்தில்தான். கீழே தரையில் பதித்த நாலு கல் உடைந்தது.

தூசி அடங்கியதும் கனகராஜ் மகளை ஒரு தடவை பார்த்தார். யாரும் சொல்லாமலே போய் விளக்குமாற்றை எடுத்து வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் புதுச் சீலிங் முடிந்தது. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் அப்பா அர்ச்சுனன், இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காம்பாரிலிருந்து வந்து இறங்கினார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது? விடிஞ்சா நிச்சயம். நடு ஹால்ல ஒரு ஆளு பாயைப் போட்டுத் தூங்குறான்?"

கனகராஜ் ஓடி வந்து வாயில் விரலை வைத்தார்.

"ஷ்! மெதுவா பேசுங்க சம்பந்தி. ஆளு வேலை செய்யிறாரு."

ஐயாவு கண்ணைத் திறக்கவே இல்லை. படுத்தபடியே கொஞ்சம் நகர்ந்து, கனகராஜுக்குப் பாயில் பாதி இடம் விட்டார்.