கறுப்பு ரிப்பன் போட்டோ

“சினிமா வாய்ப்பு வந்ததும் எப்படிக் கழட்டிவிட்டுட்டாங்க பாத்தியா, உன் மிசுக் அம்மா!” என்றாள் மேக்கப் போடும் யுன்பி.

தாஹே கண்ணாடியில் தன் கறுப்புத் துக்க உடையைப் பார்த்தாள். “என்ன அம்மா? சீரியல்லதான் அம்மா. நிஜத்துல அவங்க பெரிய ஸ்டார், நான் யாரு?”

கூட்டத்தில் ஒருத்தியாக வருஷக்கணக்கில் நின்ற பிறகு, பெயர் வைத்த வேடம் அவளுக்குக் கிடைத்தது இதுதான் முதல்முறை. மிசுக் அம்மாவைத் தெரியாத வீடே சியோலில் கிடையாது. அப்பேர்ப்பட்டவர், தன் டப்பாவில் இருக்கும் கிம்பாப் சோற்றுச் சுருளை ஊட்டாத குறையாக இவளுக்குக் கொடுப்பார்.

அப்புறம் ரேட்டிங் சரிந்தது. கதையில் வீட்டு ஆள் ஒருத்தரைச் சாகடித்தால்தான் தேறும் என்று டிவிக்காரர்கள் சொல்லிவிட்டதாகப் பேச்சு. நம்மைத்தான் தூக்குவார்களோ என்று தாஹே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். கடைசியில் மிசுக் அம்மாவே, “எனக்குப் பெரிய சினிமா வந்திருக்கு, என்னைச் சாகடிச்சிடுங்க” என்று கிளம்பிவிட்டார்.

செட்டில் சாவு வீடு தயார். வெள்ளைச் சாமந்திக்கு நடுவே மிசுக் அம்மாவின் போட்டோ, கறுப்பு ரிப்பனோடு சிரித்தது. மகள் விழுந்து வணங்கி, “அம்மா!” என்று கதற வேண்டும்.

“கட்! அம்மா செத்திருக்காங்கம்மா! பஸ்ஸை விட்டுட்ட மாதிரி முழிக்கிறே!” டைரக்டர் பொறுமை இழந்தார்.

மறுபடி. மறுபடியும். கண்ணில் மருந்து விட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘நல்லாச் சிரிங்க. நீங்க தப்பிச்சிட்டீங்க.’

அடுத்த டேக்கில் எழும்போது பாவாடை மேஜையில் மாட்டி, போட்டோ தொப்பென்று விழுந்தது. பின்னட்டை கழன்று, உள்ளேயிருந்து இன்னொரு போட்டோ நழுவியது.

தாஹேயின் போட்டோ!

“தோசிக் அண்ணே... இது என்ன?”

செட் சாமான்களுக்குப் பொறுப்பான தோசிக் ஓடிவந்தார். “ஐயையோ, எடுத்துடணும்னு நினைச்சேன், மறந்து தொலைச்சிட்டேன். விடு கண்ணு.”

“அண்ணே, சொல்லுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கதைப்படி சாக வேண்டியது நீதான். பிரேம் போட்டு வச்சிருந்தேன். சாமான் ரூமுக்கு வந்த மிசுக் அம்மா அதைப் பாத்துட்டாங்க. நேரா கதை எழுதுறவர்கிட்ட போய், ‘சின்னப் பொண்ணு செத்தா சேனலை மாத்திடுவாங்க, அம்மா செத்தாத்தான் ஊரே அழும்’னு சண்டை போட்டிருக்காங்க. மறுநாள் தன் போட்டோவை எங்கிட்ட கொடுத்து, ‘இதை மேல வச்சிடு, அவளுக்குத் தெரிய வேணாம்’னாங்க.”

“அப்ப அந்த சினிமா?”

“எந்த சினிமா? இந்த வயசுல யாரு கூப்பிடுறா? வீட்ல சும்மாதான் உட்கார்ந்திருக்காங்க.”

தோசிக் பிரேமை மாட்டி நிமிர்த்தி வைத்தார். மிசுக் அம்மா பழையபடி சிரித்தார்.

தாஹே அப்படியே மண்டியிட்டுச் சரிந்தாள். “அம்மா... அம்மா!”

டைரக்டர் பதறி எழுந்தார்.

“இரும்மா, இரு... கேமராவே இன்னும் ஓடல!”