நாற்பத்தொன்றாவது கட்டு

நாற்பதாவது வழக்குக் கட்டை மூடிவிட்டு நீதிபதி தண்ணீர் குடித்தார். குடிக்க எடுத்துக்கொண்ட நேரம், அந்த வழக்குக்குக் கொடுத்த நேரத்தைவிட அதிகம்.

நாட்டின் கடைசி நீதிமன்றம் இது. இதற்கு மேல் போய் முட்டிக்கொள்ளச் சுவர்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை என்றால் அறுபத்தெட்டு மேல்முறையீடுகள். விசாரிப்பதற்கு அல்ல, விசாரிக்கலாமா என்று யோசிப்பதற்கு. யோசிக்க ஆளுக்கு ஒரு நிமிடம்.

நான் சுருக்கெழுத்தர். மேடைக்குக் கீழே என் மேஜை. வெள்ளிக்கிழமையே அறுபத்தெட்டுக்கும் உத்தரவை அடித்து வைத்துவிட வேண்டும். 'தலையிடப் போதிய காரணம் இல்லை. தள்ளுபடி.' அந்த ஒரு வரித் தாளை ஒவ்வொரு கட்டின் கடைசியிலும் குத்தி வைப்பேன்.

எப்போதாவது ஒன்றை ஏற்றுக்கொண்டால் தாளைக் கிழித்துப் போட வேண்டும். போன மாதம் இரண்டு கிழித்தேன்.

வக்கீல் வாயைத் திறக்கும்போதே நீதிபதியின் விரல் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். கையெழுத்து. தள்ளுபடி என்று வாயால் சொல்வதுகூட இல்லை. அடுத்தது என்பார். பக்கத்தில் இருக்கும் இளைய நீதிபதி தலையாட்டுவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நாற்பத்தொன்று.

லாரி ஓட்டுநர். கொலை வழக்கு, ஆயுள் தண்டனை, உள்ளே போய் ஒன்பது வருடம். கொலை நடந்த நேரத்தில் அவருடைய லாரி இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் எடைமேடையில் நின்றது. ரசீது பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கீழே இரண்டு நீதிமன்றங்கள் அதைச் சீந்தவே இல்லை.

அவர் மனைவி கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பன்னிரண்டாம் பக்கம், ஐயா" என்றார் வக்கீல்.

நீதிபதியின் விரல் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

தாள் இல்லை.

கட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பன்னிரண்டாம் பக்கம் இரண்டு முறை அவர் கண்ணெதிரே வந்து போனது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"தாள் எங்கய்யா?"

பதினாறு வருடத்தில் ஒரு தாளைக்கூட நான் விட்டதில்லை. இந்த ஒன்றில் மட்டும் தாளைக் குத்தாமல் விட்டால் ஒருவேளை படித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யாருக்கும் கேட்காமல் திட்டினார். பொறுப்பில்லை, கவனமில்லை, வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நான் அங்கேயே அடித்துக் கொடுத்தேன். கை தானாக அடித்தது.

கையெழுத்து விழுந்தது. அந்த வழக்கின் ஒரு நிமிடம் என்னைத் திட்டுவதிலேயே தீர்ந்துபோனது.

"அடுத்தது."

வக்கீல் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பக்கத்து அறை வழக்குக்கு ஓடிவிட்டார்.

மதிய இடைவேளையில் நான் வெளியே வந்தபோது அந்தப் பெண் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

"மத்ததெல்லாம் தொட்ட உடனே மூடிட்டாரு. நம்ம கட்டைத்தான் அவ்ளோ நேரம் புரட்டிப் பாத்தாரு. உங்ககிட்டகூட ஏதோ விசாரிச்சாரே தம்பி. என்ன கேட்டாருன்னு சொல்லுங்க. நாளைக்கு ஜெயிலுக்குப் போறப்ப உங்க அண்ணன்கிட்ட சொல்லணும்."