சூரியன் நின்ற நாள்

வீட்டுச் செபக்கூட்டத்தில், யோசுவா பகைவரை வெட்டி முடிக்கும்வரை சூரியன் அசையாமல் நின்ற வேதக் கதையைப் போதகர் வாசித்ததும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“சுத்திறது பூமி. நிண்டாலும் பூமிதான் நிண்டிருக்கும்,” என்றார் விஞ்ஞானம் படிப்பிக்கும் கனகரத்தினம் மாஸ்டர்.

“வேதத்தில சூரியன் எண்டுதான் கிடக்கு. பூமி அசையாது மாஸ்டர்,” என்றார் போதகர்.

தேநீர்த் தட்டோடு வந்த றெஜினா அப்படியே நின்றாள். கடைசிச் சண்டையில், இருட்டியதும் களப்பு நீரைக் கடந்துவிடலாமென்று மகளை அணைத்தபடி பற்றைக்குள் ஒளிந்து கிடந்தவள் அவள். அன்றைக்குப் பொழுது சாயவே மாட்டேன் என்றது. இருட்டியபோது தனியாகத்தான் கடந்தாள்.

“எது நிண்டாலென்ன, ஐயா? எப்ப இருட்டும் எண்டு பிள்ளையளோட ஒளிச்சிருந்த சனத்துக்கு என்ன நடந்ததெண்டு அதில கிடக்கோ?”

போதகர் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, ஒரு மிடறு குடித்தார். சீனி காணாது என்றார்.